சோயாவை விடுங்க, வயரைப் பாருங்க



இந்த வார எபிசோடுல கார்களுக்குள்ள ஓடும் மென்பொருளைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினோம். அதுக்கு நடுவுல போற போக்குல, "எவ்வளவு பெரிய மென்பொருளா இருந்தாலும் ஒரு எலி வயரைக் கடிச்சா கதை முடிஞ்சது"ன்னு ஒரு வரி சொன்னேன். வந்த மெயில்கள்ல பாதி அந்த ஒரு வரியைப் பத்திதான். சன்னிவேல், ஃப்ரீமான்ட், டெக்சஸ் பிளேனோ, நியூ ஜெர்சி எடிசன்னு எல்லா ஊர்லேர்ந்தும் ஒரே கேள்வி: "சோயால வயர் பண்றதாலதானே எலி கடிக்குது? கம்பெனி மேல கேஸ் போட முடியாதா?"

அதனால இந்த வார மடல் முழுக்க எலிதான். என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். சோயா கதை நம்மளைத் தப்பான இடத்துல சண்டை போட வைக்குது. எலி கடிக்கும்னு நல்லாத் தெரிஞ்சும், அப்படி ஒரு பிராணியே உலகத்துல இல்லாத மாதிரி வயரிங் வடிவமைக்கிறாங்க பாருங்க, சண்டை போட வேண்டியது அங்கதான்.

நம்ம ஊர் எலி

சிலிக்கான் பள்ளத்தாக்குன்னு பேர் வாங்கறதுக்கு முன்னாடி இது பழத்தோட்டப் பூமி. ஆப்ரிகாட், ப்ரூன், செர்ரின்னு சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு முழுக்க மரமா இருந்த இடம். தோட்டம் போச்சு, ஆனா குபெர்டினோ வீடுகளோட கொல்லைப்புறத்துல ஆரஞ்சும் எலுமிச்சையும் பெர்சிமனும் இன்னும் காய்க்குது. ஊருக்கு நடுவுல ஸ்டீவன்ஸ் க்ரீக், ரெக்னார்ட் க்ரீக், கலபாசஸ் க்ரீக்னு ஓடைகள். மேற்கே ராஞ்சோ சான் அன்டோனியோ காட்டுப் பகுதி. அங்க நடக்கப் போனவங்க, மரத்தடியில சுள்ளியை மலை மாதிரி குவிச்சு வச்சிருக்கறதைப் பார்த்திருப்பீங்க. அது உட்ராட்னு சொல்ற உள்ளூர்க் காட்டெலியோட வீடு. சுள்ளி சேர்க்கறது அதுக்குத் தொழில். மலையடிவாரத்துல வீடு இருந்தா, உங்க பானெட்டும் அதுக்கு ஒரு மரத்தடிதான்.

ஊருக்குள்ள வம்பு பண்றது பெரும்பாலும் ரூஃப் ராட், அதாவது கூரை எலி. உயிரியல் பேர் ராட்டஸ் ராட்டஸ். இதோட பூர்வீகம் எது தெரியுமா? இந்தியத் துணைக்கண்டம். எச்-1பி வர்றதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே கப்பல் ஏறி உலகம் பூரா குடியேறின ஆள். உங்க வீட்டுல இருக்கறது இவர்தானான்னு பார்க்க மரத்தடிக்குப் போங்க. ஆரஞ்சுன்னா உள்ளே இருக்கற சதையைக் காலி பண்ணிட்டு வெறும் கூடா விட்டிருப்பார். எலுமிச்சைன்னா தோலை மட்டும் தின்னுட்டு சதையை விட்டிருப்பார்.

இந்த ஊர்ல வீடு விக்கற விலைக்கு, "எலி வளையானாலும் தனி வளை"ங்கற பழமொழியைச் சொல்லிச் சிரிக்கத்தான் முடியும். எலிக்கு அந்தக் கவலை இல்லை. நாம ஆஃபீஸ்லேர்ந்து வந்து வண்டியை நிறுத்தினதும் கதகதப்பா, இருட்டா ஒரு அறை வாடகையில்லாம கிடைக்குது. பானெட்டுக்கு அடியில ஒட்டியிருக்கற பஞ்சு மெத்தைக்கு ஆச்சு. வாரத்துல மூணு நாள் வீட்டுலேர்ந்து வேலை பார்க்கறவங்க வண்டி இன்னும் வசதி, தொந்தரவே கிடையாது. லிவர்மோர் கோவில்ல பூஜை போட்டு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி எடுத்துட்டு வந்த வண்டிதான். பிள்ளையாருக்கு வாகனமா இருக்கறவர் நம்ம வாகனத்தை மட்டும் விட்டுவைக்க மாட்டேங்கறார்.

சோயா கதை எங்கே தப்பு

2016-ல டொயோட்டா மேல கலிஃபோர்னியா ஃபெடரல் கோர்ட்டுல ஒரு கூட்டு வழக்கு போட்டாங்க. வயர் மேலுறையில சோயா சார்ந்த பொருள் சேர்க்கறாங்க, அதனால எலிக்கு அது சாப்பாடு ஆயிடுது, சரி பண்ணக் கேட்டா வாரன்டி கிடையாதுங்கறாங்க, இதுதான் புகார். ஹோண்டா மேலயும் இதே மாதிரி வழக்கு வந்தது. எலி எல்லா பிராண்டையும்தான் கடிக்குது, சோயாவைத் தேடி வருதுன்னு சொல்ல அறிவியல் ஆதாரம் இல்லை, இது கம்பெனி தரப்பு. வழக்கு போட்டவங்க கோபம் நியாயமானது. ஆனா சோயாங்கற காரணத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தாலே ஆட்டம் காணுது.

முதல் விஷயம், பல். எலியோட முன்பல் வாழ்நாள் பூரா வளர்ந்துட்டே இருக்கும். முன்பக்கம் கெட்டியான எனாமல், பின்பக்கம் அதைவிட மெதுவான டென்டின். கடிக்கக் கடிக்க பின்பக்கம் சீக்கிரம் தேய்ஞ்சு, உளி மாதிரி தானா கூர்மையாகும். ருசி இருக்கோ இல்லையோ, கடிக்கறது அதோட பிழைப்பு. ஈயக் குழாயையும் அலுமினியத்தையும் கூட கடிக்கும். ஈயத்துல ஏது சோயா?

ரெண்டாவது, சோயா ஒண்ணும் நேத்து வந்ததில்லை. எபாக்சி ஏத்தின சோயா எண்ணெயை பிவிசி பிளாஸ்டிக்கை வளையற மாதிரி ஆக்கறதுக்குப் பல பத்தாண்டுகளா சேர்க்கறாங்க. திடீர்னு இயற்கைக்குத் திரும்பின கம்பெனிகளால எலி கெட்டுப்போச்சுங்கற கதைக்கு இது ஒத்து வரல.

மூணாவது, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆதாரம், ஜெர்மனி. அங்க கார் வயரைக் கடிக்கறது எலி இல்லை, மார்டென்னு ஒரு பிராணி. பார்க்க நம்ம கீரி மாதிரி இருக்கும், எலியையும் பறவையையும் அடிச்சுத் தின்னற ஜாதி. வருஷத்துக்கு சுமார் 2 லட்சம் கார்களுக்கு மார்டென் கடிச்ச நஷ்டஈடு அங்கே இன்சூரன்ஸ்ல போகுது. ஒரு மார்டென் வந்து போன பானெட்டுல இன்னொண்ணு நுழைஞ்சா, போட்டியாளோட வாசனை கோபத்தைக் கிளப்பி, கையில கிடைச்ச ரப்பரை எல்லாம் குதறும். வேட்டையாடற பிராணி சோயா பீன்ஸுக்கு ஆசைப்பட்டா வயரைக் கடிக்குது?

சோயாவையே காரணம்னு வச்சா தீர்வு என்ன? சோயா இல்லாத வயர் போட்டா போதும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். எலி அந்த வயரையும் கடிக்கும். நாம மறுபடியும் அதே டீலர் வாசல்ல நிப்போம்.

ஒரு கடி, நாற்பது எச்சரிக்கை விளக்கு

இன்னைக்குக் கார்ல இருக்கற வயரை நீட்டினா கிலோமீட்டர் கணக்குல வரும். டெஸ்லா மாடல் எஸ்-ல சுமார் 3 கிலோமீட்டர் இருந்ததை மாடல் 3-ல பாதியாக் குறைச்சதா எலான் மஸ்க்கே பெருமையாச் சொன்னார். பிரேக், ஸ்டீயரிங், எஞ்சின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டிக் கணினி. அதுங்க எல்லாம் பேசிக்கறது கேன் பஸ்ங்கற ஒரு ஜோடி முறுக்கின வயர்ல. பாஷ் நிறுவனம் 1986-ல வெளியிட்ட அந்த ஏற்பாடு இன்னும் ஓடுது. எலி அந்த ஜோடியில ஒண்ணைக் கடிச்சா, சம்பந்தமே இல்லாத நாலு கணினி ஒரே நேரத்துல "எனக்கு உடம்பு சரியில்லை"ன்னு சொல்லும். டேஷ்போர்டு தீபாவளி மாதிரி எரியும்.

அதைவிட மோசம் பாதிக் கடி. வயர் அறுந்திருக்காது, மேலுறை மட்டும் போயிருக்கும். வண்டி நல்லா ஓடும். மழைக்காலம் வந்து ஈரம் பட்டு, செம்பு பச்சை பூத்து, ஆறு மாசம் கழிச்சு ஹைவே 85-ல வச்சு வேலையைக் காட்டும். சில வண்டியில பெட்ரோல் போற பிளாஸ்டிக் குழாயையும் கடிச்சு வச்சிருக்கும். சூடான எஞ்சின் பக்கத்துல பெட்ரோல் கசிஞ்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. அதனாலதான் இதை வெறும் பர்ஸ் விவகாரமா நான் பார்க்கறதில்லை.

பர்ஸ் விவகாரத்துக்கும் வருவோம். போன வருஷம் என் வண்டியில ரெண்டு சென்சார் வயர் போச்சு. டீலர்கிட்ட கொண்டு போனேன். மொத்த ஹார்னெஸையும் மாத்தணும், 2,800 டாலர்னு எஸ்டிமேட் கொடுத்தாங்க. கடிபட்டது விரல் நீளம். ஏன் அந்த இடத்தை மட்டும் ஒட்ட முடியாதுன்னு கேட்டா, "எங்க நடைமுறையில அது இல்லை"ன்னு பதில். தனியாக் கடை வச்சிருக்கற ஒரு மெக்கானிக் அதே ரெண்டு வயரை முறையா கிரிம்ப் பண்ணி, சூடு காட்டினா சுருங்கற உறை போட்டு, 240 டாலருக்கு முடிச்சார். இன்னைக்கு வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. எலி எனக்கு வச்ச செலவு 240. மீதி 2,560 டாலர் எலி கணக்குல வராது, வடிவமைப்பும் வியாபாரமும் சேர்ந்து போட்ட கணக்கு அது.

மத்தவங்க எலியை எப்படிப் பார்க்கறாங்க

"இயற்கை செய்யறதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" இதுதான் கார் கம்பெனிகளோட நிலைப்பாடு. வெளிக்காரணம், அதனால வாரன்டி இல்லை. ஆனா வயரை நம்பிப் பிழைக்கற மத்த துறைகள் இப்படிக் கையை விரிக்கலை.

லெவல் 3 அமெரிக்காவுல பெரிய ஃபைபர் நெட்வொர்க் வச்சிருந்த கம்பெனி. 2011-ல அவங்க சொன்ன கணக்குப்படி, கேபிள் சேதத்துல 17 சதவீதம் அணில் கடிச்சதால. அதுக்கு முந்தின வருஷம் 28 சதவீதம். எப்படிக் குறைஞ்சது? கேபிள் மேல காப்புக் கவசம் மாட்டினாங்க. அணிலைத் திட்டி அறிக்கை விடலை.

2013 மார்ச்ல ஜப்பான் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துல ஒரு மின் பலகைக்குள்ள எலி புகுந்து ஷார்ட் ஆகி, பயன்படுத்தின எரிபொருளை வச்சிருக்கற குளங்களோட குளிரூட்டல் ஒரு நாளுக்கு மேல நின்னு போச்சு. அதுக்கப்புறம் அவங்க செஞ்ச வேலை, ஓட்டையை அடைச்சு வலை அடிச்சது. மண்ணுக்கடியில போற ஃபைபர் கேபிள்கள்ல எஃகு நாடா சுத்தினது, கண்ணாடி இழை சுத்தினதுன்னு எலிக்காகவே தனி ரகம் உண்டு. அந்தத் துறைகளுக்கு மழை, வெயில் மாதிரி எலியும் ஒரு வடிவமைப்பு நிபந்தனை.

கார் கம்பெனிகளுக்குத் தெரியாதுன்னும் சொல்ல முடியாது. ஹோண்டா மிளகாய்க் காரம் தடவின ஒரு டேப்பைத் தன் உதிரி பாகப் பட்டியல்லயே வச்சு விக்குது. பாகத்தோட எண் 4019-2317. டேப்புல இருக்கற கேப்சைசின் பாலூட்டிகளோட வாயில எரிச்சலைக் கிளப்பும். அந்த எரிச்சலை உணர்ற புரத வாயிலைக் கண்டுபிடிச்சது நம்ம சான்ஃபிரான்சிஸ்கோ யுசிஎஸ்எஃப்-ல டேவிட் ஜூலியஸ் குழு, 1997-ல. 2021 நோபல் பரிசுல அவருக்குப் பங்கு கிடைச்சது அந்த வழி ஆராய்ச்சிக்குத்தான். ஆக, பிரச்சினை தெரியும், மருந்தும் கையில இருக்கு. ஆனா அதைத் தொழிற்சாலையிலேயே சுத்தி அனுப்பாம, கடிச்சப்புறம் நம்மகிட்ட தனியா விக்கறாங்க.

எடை கூடும், செலவு கூடும்னு எதிர்வாதம் வரும். நியாயமான வாதம்தான், கிலோமீட்டர் கணக்குல இருக்கற வயரை எல்லாம் எஃகுல பொதிய முடியாது. அப்படிப் பண்ணினா எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். நான் கேக்கறது அதில்லை. எலி ஏறி உக்கார வசதியான இடங்கள் ஒரு வண்டியில சிலதுதான். எஞ்சின் மேல்பக்கம், பேட்டரி ஓரம், ஏசி காத்து உள்ளே போற வாய். அந்த இடங்களுக்கு மட்டும் தடிச்ச உறையும் வலையும் போதும். அங்கே போற வயரைத் தனித் துண்டா, கழட்டி மாட்டற மாதிரி செஞ்சா, விரல் நீளக் கடிக்கு மொத்த ஹார்னெஸை மாத்த வேண்டாம். எந்த வயரை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாதுங்கற விவரத்தை எல்லா மெக்கானிக்குக்கும் கொடுக்கணும். கலிஃபோர்னியாவுல 2024 ஜூலைலேர்ந்து அமலுக்கு வந்த ரிப்பேர் உரிமைச் சட்டம் போனுக்கும் வாஷிங் மெஷினுக்கும் வழி பண்ணிச்சு, ஆனா காரை அது தொடலை. சேக்ரமென்டோவுல அடுத்து கேட்க வேண்டியது அதுதான்.

அதுவரைக்கும் நாம

நம்மாளுங்க வைத்தியத்தை முதல்ல பார்த்துடலாம். பானெட்டுக்குள்ள புகையிலை வைக்கறது ஊர்ப் பழக்கம். ரெண்டு வாரத்துல வாசனை போயிடும், சூடான எஞ்சின் பக்கத்துல காய்ஞ்ச இலையும் வேண்டாம். அந்துருண்டை போடவே போடாதீங்க. அந்த ஆவி ஏசி வழியா குழந்தைங்க மூக்குக்குத்தான் போகும். லேபிள்ல சொல்லாத விதத்துல பூச்சிமருந்தைப் பயன்படுத்தறது இந்த நாட்டுல சட்டப்படி தப்பும் கூட. புதினா எண்ணெய் நல்லா மணக்கும், ஒண்ணு ரெண்டு நாளைக்கு.

நம்ம நேயர்களுக்கு ஆசை அதிகம் உள்ள சாமான் அல்ட்ராசோனிக் பெட்டி. 2001-லயே எஃப்டிசி, இந்தப் பெட்டி செய்யறவங்க, விக்கறவங்கன்னு 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரம் இல்லாம பெருமை பேசாதீங்கன்னு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிச்சு. நீல விளக்கு எரியுது, ஆப் இருக்குங்கறதுக்காக எலி பயப்படாது.

விஷம் வேண்டாம். செத்த எலியைத் தின்னற ஆந்தை, பருந்து, பாப்கேட் எல்லாத்துக்கும் அது ஏறும். லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க்கில வாழ்ந்த பி-22ங்கற மலைச் சிங்கத்தோட ரத்தத்துலயே 2014-ல எலி மருந்து இருந்தது. ரத்தம் உறையாமத் தடுக்கற வகை மருந்துகளைக் கலிஃபோர்னியா 2021-லேர்ந்து படிப்படியாக் கட்டுப்படுத்திட்டே வருது, 2025 ஜனவரியில அது இன்னும் இறுகிச்சு. உங்க எலியை இலவசமாத் தின்ன வர்ற ஆந்தையைக் கொல்றதுல நமக்கு என்ன லாபம்?

வேலை செய்யற வழிகள் சாதாரணமானவை. தஞ்சாவூர் வயல்ல மூங்கில்ல செஞ்ச கிட்டியை எலி நடமாடற வழி பார்த்து வைப்பாங்க. இங்கேயும் அதே பாடம். ஸ்பிரிங் பொறியை நடு முற்றத்துல வைக்காம சுவர் ஓரமா வைங்க. கூரை எலிக்குப் புதுப் பொருள்னா சந்தேகம். அதனால நாலஞ்சு நாள் பீனட் பட்டர் தடவி, பொறியைத் தூக்காம விட்டுப் பழக்கி, அப்புறம் தூக்கி வைங்க. கீழே விழுந்த பழத்தை அன்னன்னைக்குப் பொறுக்குங்க. பறவைத் தீனி, நாய்ச் சாப்பாட்டு மூட்டை கராஜ்ல திறந்து கிடக்கக் கூடாது. சுண்டெலிக்குக் கால் அங்குல ஓட்டை போதும், எலிக்கு அரை அங்குலம். கராஜ் கதவு ஓரத்தை அந்த அளவை மனசுல வச்சுப் பாருங்க. வெளியில நிறுத்தற வண்டின்னா ரெண்டு நாளைக்கு ஒரு தடவையாவது எடுங்க. அரிசோனா டூசான் பக்கம் ராத்திரியில பானெட்டைத் திறந்தே வைக்கறாங்க, இருட்டும் கதகதப்பும் போனா குடித்தனமும் போயிடும்னு. சாண்டா கிளாரா கவுன்டி வெக்டார் கன்ட்ரோல்காரங்க வீட்டுக்கு வந்து எலி எங்கேர்ந்து நுழையுதுன்னு பார்த்து ஆலோசனை சொல்வாங்க, தனிக் கட்டணம் கிடையாது. அதுக்கும் சேர்த்துதான் சொத்து வரியோட காசு போகுது, கூப்பிடுங்க.

கூடு கிடைச்சா வெறும் துடைப்பத்தால பெருக்காதீங்க. எலி மூத்திரத் தூசி மூச்சுல போனா ஹன்டா வைரஸ் மாதிரி நோய் வரலாம். கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து நனைச்சு, அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு எடுங்க. ஹைப்ரிட்லயோ மின்சாரக் கார்லயோ ஆரஞ்சு நிற கேபிள் இருந்தா, அது உயர் மின்னழுத்தம், கிட்டவே போகாதீங்க. ஏர்பேக்கோட மஞ்சள் வயரையும் நாமளா ஒட்டக் கூடாது.

பாலிசியையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. காம்ப்ரிஹென்சிவ் இருந்தா எலிக்கடி பொதுவா அதுல வரும். டிடக்டிபிள் 500 டாலரா 1,000 டாலரான்னு தெரிஞ்சுக்கிட்டு, முதல்ல தனி மெக்கானிக்கிட்ட ஒரு எஸ்டிமேட் வாங்குங்க. ரிப்பேர் டிடக்டிபிளைவிடக் கம்மியா இருந்தா க்ளெய்மே வேண்டாம்.

கடைசியா ஒண்ணு, இதுதான் முக்கியம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், பெட்ரோல் குழாய் எதையாவது எலி கடிச்சிருந்தா, ரிப்பேர் பண்ணிட்டு மறந்துடாதீங்க. என்எச்டிஎஸ்ஏ தளத்துல ஒரு பாதுகாப்புப் புகார் பதிவு பண்ணுங்க. அது எல்லாரும் பார்க்கக்கூடிய பதிவு. "எலிதானே"ன்னு நாம எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு பணம் கட்டிட்டுப் போறவரைக்கும், கம்பெனி கணக்குல இது துரதிர்ஷ்டமாவேதான் இருக்கும். ஒரே மாடல்ல ஒரே இடத்துல நூறு வண்டி கடிபட்டிருக்குன்னு எழுத்துல இருந்தா, அதை வடிவமைப்புக் கோளாறுன்னு சொல்ல நமக்கு ஒரு ஆதாரம் கிடைக்கும்.

உங்க வண்டி கடிபட்டிருந்தா மெயில் போடுங்க. எந்த மாடல், எந்த இடத்துல கடி, மொத்த ஹார்னெஸ் மாத்தச் சொன்னாங்களா இல்ல ஒட்டிக் கொடுத்தாங்களா, இந்த மூணு விவரம் போதும். டீலர் பேர் வேண்டாம். போதுமான அளவு வந்தா ஒரு எபிசோடே பண்ணலாம். அடுத்த வாரம் வழக்கம்போல திங்கட்கிழமை காலையில சந்திப்போம். அதுக்குள்ள ஒரு தடவை பானெட்டைத் திறந்து பார்த்துடுங்க.